விலா எலும்பை எண்ணுங்கள்

விடுமுறையில் குழந்தைகளை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்படி ஓர் அருங்காட்சியகத்தின் எலும்புப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எலும்பைச் சுத்தம் செய்வது, கம்பியில் கோப்பது, தூசி தட்டுவது, சீட்டு எழுதி ஒட்டுவது ஆகியவைதாம் என் வேலை. கூட்டம் அதிகமான நாட்களில் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்லவும் அனுப்பிவிடுவார்கள். ‘எலும்பம்மா’ என்பது அந்தக் குழந்தைகள் வைத்த பெயர். நான் ஆராய்ச்சியாளர் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா, எனக்கு ஒன்பது வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். சென்ற முறை தரைத்தளத்தில் ஆரம்பித்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் சின்னவன் தரையில் படுத்து அழ ஆரம்பித்துவிட்டான். பெரியவளுக்கோ எதுவும் நினைவில்லை. ஒரே நாளில் முழுவதையும் பார்ப்பதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

இல்லை. 31 ஆண்டுகளில் நானே முழுவதையும் பார்த்ததில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் மாதிரிகள் ஏறத்தாழ 8 கோடி. பார்வைக்கு வைத்திருப்பது அதில் கொசுறுதான். மற்றதெல்லாம் உள்ளறைகளில், இழுப்பறைகளில், ஜாடிகளில் இருக்கிறது. அவர்களே எல்லாவற்றையும் காட்டவில்லை. நீங்கள் ஏன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்?

உங்கள் மகனை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசையாகப் பார்ப்பது என்பது ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. கற்கள், பிறகு கிளிஞ்சல்கள், பிறகு பூச்சிகள் என்று ஒன்றரை மணி நேரம் நடத்திவிட்டு, கால் ஓய்ந்தபிறகு திமிங்கலத்தைக் காட்டினால் எந்தக் குழந்தைக்குப் பிடிக்கும்? முதலில் இருப்பதிலேயே பெரியதைப் பார்த்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததுமே அவன் மனம் அங்கேதான் போயிருக்கும். லண்டனில் வாசல் மண்டபத்திலேயே 25.2 மீட்டர் நீள நீலத்திமிங்கல எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு உங்கள் தலைக்குமேல் பாய்கிற மாதிரி இருக்கும். பெரியதை முதலில் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரியது. இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னது. மூன்றாவதைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கட்டும். அது லிஃப்டாக இருந்தாலும் சரி. வரைபடத்தைப் பெரியவள் கையில் கொடுத்து, இன்றைக்கு வழிகாட்டி நீதான் என்று சொல்லிவிடுங்கள். வழி தவறினால் தவறட்டும். வழி தவறிப்போன இடத்தில்தான் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, “இந்த மீனுக்கு ஏன் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிறது?” என்று கேட்டான். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் தட்டை மீன் அது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். சொன்னதும் அந்தப் பையன் தன் இரண்டு கண்களையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பொருளுக்குக் கீழே இருக்கும் அட்டையைக் கடைசியில் படியுங்கள். நான் பார்த்த பெற்றோரில் பாதிப் பேர் குழந்தையை நிறுத்தி அட்டையை உரக்க வாசிப்பார்கள். குழந்தை அட்டையைப் பார்க்கும்; புலியைப் பார்க்காது. அதற்குப் பதிலாக எதையாவது எண்ணச் சொல்லுங்கள். பல் எத்தனை, விரல் எத்தனை, விலா எலும்பு எத்தனை? எண்ணுகிற கண் தானாகவே நிதானமாகிவிடும். பிறகு, “இது என்ன தின்றிருக்கும்?” என்று கேளுங்கள். பல்லையும் கண்குழியையும் பார்த்தே உங்கள் மகள் சொல்லிவிடுவாள். கண்கள் முன்னால் இருந்தால் பெரும்பாலும் வேட்டையாடுவது. பக்கவாட்டில் இருந்தால் பயந்து ஓடுவது.

மற்றபடி, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். வெளியேறும் வழி பல இடங்களில் பொம்மைக் கடை வழியாகத்தான் போகும். ‘ஒரு பொருள்தான், இவ்வளவுக்குள்தான்’ என்ற ஒப்பந்தத்தை உள்ளே நுழைவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கடை வாசலில் போடும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

என் ஆறு வயது மகன் டைனோசர் முன்னால் வாயைப் பிளந்து நின்றான். “இது நிஜமா?” என்று காவலாளியிடம் கேட்டான். அவர், “இல்லை தம்பி, அச்சு எடுத்துச் செய்தது” என்று சொல்லிவிட்டார். அவன் முகம் வாடிவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே விட்டுவிட்டுப் பொம்மையைக் காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

அந்தக் காவலாளி உண்மையைச் சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

‘டிப்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் டிப்ளோடோகஸ் என்ற டைனோசர் லண்டனில் 1905இல் திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பரிசு. 292 எலும்புகள், முழுவதும் பிளாஸ்டர் வார்ப்பு. அசல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதே அச்சிலிருந்து எடுத்த வார்ப்புகள் பெர்லின், பாரிஸ் போன்ற நகரங்களுக்கும் போயின. ஒரே ஒரு விலங்கைப் பல நாட்டுக் குழந்தைகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்தார்கள் என்றால், அது வார்ப்பால்தான். அசலின் மேல் களிம்பு பூசி அச்சு எடுக்கும்போது ஒரு கீறல்கூட விட்டுப்போகாது. பல்லில் இருந்த தேய்மானம் வார்ப்பிலும் அப்படியே இருக்கும். பொம்மை செய்பவர் தன் மனத்தில் இருப்பதைச் செய்கிறார். வார்ப்பு எடுப்பவருக்கு அந்த உரிமை கிடையாது.

வார்ப்பு வைப்பதற்கு இன்னொரு காரணம் எடை. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் ‘சூ’ என்ற டைரனோசாரஸ் ரெக்ஸ் நிற்கிறது. 1990இல் சூ ஹெண்ட்ரிக்சன் என்ற பெண் கண்டெடுத்ததால் அந்தப் பெயர். எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1997இல் 83 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போனது. அதன் உடம்பில் பெரும்பகுதி அசல். ஆனால் உடம்பின் மேல் இருக்கிற தலை வார்ப்பு. அசல் மண்டையோடு கால் டன்னுக்குமேல் கனம், கம்பி தாங்காது. அதைக் கீழே தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இதில் குழந்தைகளுக்குத்தான் லாபம்: மேலே இருந்திருந்தால் அண்ணாந்து தாடையை மட்டும் பார்த்திருப்பார்கள். இப்போது வாழைப்பழ அளவுப் பல்லுக்கு முகத்தோடு முகம் வைத்து நிற்கலாம்.

அடுத்த முறை போகும்போது உங்கள் மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எலும்புக்கு வெளியே கட்டில் கால் மாதிரி இரும்புத் தாங்கிகள் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். வார்ப்புக்குக் கம்பியை உள்ளேயே ஒளித்துவிடலாம், அசலைத் துளைக்க மனம் வராது. எல்லா எலும்பும் ஒரே நிறம், வெடிப்பே இல்லை என்றால் வார்ப்பு. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, நடுவில் ஒட்டுப் போட்ட தடம் என்றால் அசல். இடையிடையே வழவழவென்று ஒரு துண்டு இருந்தால், கிடைக்காத பகுதியை நிரப்பியிருக்கிறார்கள்.

அசல் என்று நாம் சொல்வதும் உண்மையில் வெறும் எலும்பு இல்லை என்பதை அவனுக்கு இப்போதே சொல்ல வேண்டாம். மண்ணுக்குள் நீர் ஊறி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் எலும்பின் நுண்ணிய துளைகளில் தாதுக்கள் படிந்து கல்லாகிப் போனது அது. எட்டு வயதில் சொல்லுங்கள், இன்னொரு முறை வாயைப் பிளப்பான்.

கேமராவில் ஃபிளாஷ் போடக் கூடாது என்கிறார்கள். உள்ளே ஒரே இருட்டு. ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

கஞ்சத்தனம் இல்லை. இறகு, ரோமம், வண்ணத்துப்பூச்சி எல்லாம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், வெளுத்தது திரும்பாது. அதனால் அந்த அறைகளில் 50 லக்ஸ் அளவுக்கு, அதாவது மங்கலான வீட்டுக் கூடம் அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

பாடம் செய்த சிறுத்தையைப் பார்த்து என் பேத்தி, “இதை யார் கொன்றார்கள்?” என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். செத்தவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டத்தான் வேண்டுமா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அந்தக் காலத்தில் சிலர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகள் உயிரோடு இருக்கும் இடத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். பூசி மெழுகவில்லை பாருங்கள்! இரண்டுமே காலேஜ்தான்.

பேச்சை மாற்றாதீர்கள் அம்மா. “தெரியவில்லை, அட்டையில் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய விலங்கு என்றால் பெரும்பாலும் வேட்டையாடப்பட்டதுதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இப்போது சேர்க்கப்படுபவற்றில் பல, விலங்குக் காட்சிச்சாலையில் வயதாகி இறந்தவை, சாலையில் அடிபட்டவை, கரையொதுங்கியவை. நான் சொன்ன லண்டன் திமிங்கலம் 1891இல் அயர்லாந்துக் கடற்கரையில் ஒதுங்கியது.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்பாள். வைக்கோல் அடைத்திருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பழைய கதை. தோலை உரித்துப் பதனிட்டு, விலங்கின் உடல்வாகுக்கு ஏற்ற ஓர் உருவம் செய்து, அதன்மேல் சட்டை போடுகிற மாதிரி போர்த்தித் தைப்பார்கள். கண்கள் கண்ணாடியால் செய்தவை. நாக்கும் ஈறும் செய்து வைத்தவை. தையல் வயிற்றுப் பக்கம் இருக்கும். குனிந்து தேடச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிட்டால் பயம் பாதி போய்விடும். ஆனால் தொட விடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய காலத்தில் தோலின் உட்பக்கம் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவினார்கள். அந்த நஞ்சு எத்தனை ஆண்டு ஆனாலும் அங்கேயேதான் இருக்கும். தொடாதீர்கள் என்று பலகை வைப்பது பொருளைக் காப்பாற்ற மட்டுமல்ல, விரல் சூப்பும் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான்.

எலும்பைச் சுத்தம் செய்வதற்கு எங்களுக்கு உதவியாளர்கள் இருந்தார்கள்: ஒரு பெட்டி நிறையத் தோல் வண்டுகள். சதை ஒட்டிய மண்டையோட்டை உள்ளே வைத்து மூடிவிட்டால், சில நாட்களில் மெல்லிய மூக்கெலும்புகூட உடையாமல் துடைத்து வைத்துவிடும். எந்தக் கத்தியாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வண்டுகள் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் பாடம் செய்த பறவைகளைத் தின்றே தீர்த்துவிடும். அதனால்தான் புதிதாக வரும் எதையும் மைனஸ் 30 டிகிரி குளிரில் சில நாட்கள் உறையவைத்த பிறகே உள்ளே விடுவார்கள். ஒரே குடும்பம்தான், ஒரு பக்கம் சம்பளமில்லாத வேலைக்காரர்கள், மறுபக்கம் திருடர்கள்.

‘ஏன் வைத்திருக்க வேண்டும்’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு முட்டைக் கதை சொல்கிறேன். பிரிட்டனில் வல்லூறுகள் வேகமாகக் குறைந்துகொண்டே வந்தன. கூட்டில் உட்கார்ந்தால் முட்டை நசுங்கியது. டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப்போய் ஓடுகளை எடைபோட்டுப் பார்த்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து எடுத்த முட்டைகளின் ஓடு திடீரென்று மெலிந்திருந்தது. டிடிடி பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967இல் அவர் அதை வெளியிட்டார். அந்த முட்டைகளைச் சேர்த்தவர்கள் யாரும் டிடிடியைப் பற்றிக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். முட்டை பொறுக்கும் பழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பல நாடுகளில் இன்று அது குற்றம். ஆனால் சேர்த்ததைத் தூக்கி எறிந்திருந்தால், வல்லூறு ஏன் குறைந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்திருக்காது.

எலும்புப் பாட்டி, எனக்கு எட்டு வயது. ஸ்டெகோசாரஸும் டி-ரெக்ஸும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்? அப்பா டி-ரெக்ஸ் என்கிறார். நான் ஸ்டெகோசாரஸ் என்கிறேன். அதன் வாலில் முள் இருக்கிறது.

பாட்டி என்று சொன்னதற்காகவே உன் பக்கம் பேசலாம் என்று பார்த்தேன் கண்ணு. ஆனால் இரண்டும் சந்தித்ததே இல்லை.

அருங்காட்சியகத்தின் நீளமான தாழ்வாரத்தில் ஒரு விளையாட்டு விளையாடு. ஓர் அடி வைத்தால் பத்து லட்சம் ஆண்டு. நீ நிற்கிற இடம் இன்றைக்கு. அங்கிருந்து பின்னோக்கி நடந்து 66 அடி வை. அங்கே கடைசி டி-ரெக்ஸ் நிற்கிறது. ஸ்டெகோசாரஸ் எங்கே என்று கேட்டால் இன்னும் 80 அடிக்குமேல் நடக்க வேண்டும். ஏறத்தாழ 150ஆவது அடியில் நிற்கிறது. திரும்பிப் பார். டி-ரெக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது யார்? ஸ்டெகோசாரஸா, நீயா?

மனிதர்கள் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு ஆகிறது. அது ஓர் அடிகூட இல்லை. உன் ஷூவின் நீளத்துக்குள் அடங்கிவிடும். முடி வளர்ந்த யானையான மாமத்தை டைனோசர் கூட்டத்தில் சேர்த்துவிடாதே. ஆர்க்டிக்கில் ராங்கெல் என்ற தீவில் கடைசி மாமத்துகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தன. எகிப்தில் பெரிய பிரமிடைக் கட்டி முடித்த பிறகும் அவை நடமாடிக்கொண்டிருந்தன. பறக்கும் டெரோசாரும் டைனோசர் இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து கத்துகிற காக்கை டைனோசர் வம்சம். அப்பாவிடம் சொல், நம்ப மாட்டார்.

பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். நான் படித்த காலத்தில் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நின்ற டைனோசர்கள் இப்போது வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நாளைக்கு இதையும் மாற்றுவார்கள். எதை நம்பி மாணவர்களுக்குச் சொல்வது?

ஐயா, உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். டிப்பிக்கும் வாலைத் தரையிலிருந்து தூக்கியது 1993இல்தான். வால் தரையில் இழுபட்டிருந்தால் கால்தடப் புதைபடிவங்களுக்கு நடுவே கோடு விழுந்திருக்க வேண்டும். அப்படி அநேகமாகக் கிடைக்கவே இல்லை. தடத்தைப் பார்த்துத்தான் வாலைத் தூக்கினார்கள்.

இதைவிடப் பெரிய கூத்துகள் நடந்திருக்கின்றன. இகுவானோடான் என்ற டைனோசரின் முள் எலும்பு ஒன்று தனியாகக் கிடைத்தபோது, அதைக் காண்டாமிருகக் கொம்பு மாதிரி மூக்கின்மேல் வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தன. பார்த்தால், முள் இருந்தது கட்டைவிரலில்! எட்வர்ட் கோப் என்ற அமெரிக்கர் எலாஸ்மோசாரஸ் என்ற நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவின் தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் வைத்துப் படம் வெளியிட்டார். தவறு தெரிந்ததும் அச்சான பிரதிகளைத் திரும்ப வாங்கிவிட அலைந்தார் பாவம். பிட்ஸ்பர்க்கின் அபடோசாரஸ் பல பத்தாண்டுகள் வேறொரு டைனோசரின் தலையோடு நின்றது. சரியான தலை வந்தது 1979இல்.

நானும் அந்த வரிசையில் ஒருத்திதான். ஒரு புள்ளிமானை முழுதாகக் கோத்து, மேடையில் ஏற்றி, பெருமையாக அட்டையும் எழுதிவைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து, ஒரு பள்ளிக் கூட்டத்தோடு வந்த ஒன்பது வயதுப் பெண் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் நகர்ந்துவிட்டது, அவள் நகரவில்லை. விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அந்தப் பக்கம் போய் மறுபடி எண்ணினாள். பிறகு என்னிடம் வந்து, “இந்த மானுக்கு இந்தப் பக்கம் பதிமூன்று, அந்தப் பக்கம் பன்னிரண்டு” என்றாள். நான் சிரித்துக்கொண்டே, “நன்றாக எண்ணம்மா” என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் எண்ணினேன். பன்னிரண்டு. மானுக்குப் பதிமூன்று ஜோடி. மூன்று மாதத்தில் எத்தனை பெரியவர்கள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்! மேலதிகாரி இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். விடுபட்ட விலா எலும்பு என் மேசை இழுப்பறையில், ஒரு கவரில், ‘சுத்தம் செய்து வைக்கவும்’ என்ற என் கையெழுத்தோடு பத்திரமாக இருந்தது. அன்றைக்கு மாலையே கோத்தேன். வலது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது. இன்றைக்கும் அந்த ஒன்றின் நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும்.

உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கதைகளைச் சொல்லுங்கள் ஐயா. எதைப் பார்த்து மாற்றினார்கள் என்று கேட்டுப் பழகட்டும். மாற்றிவிட்டார்களே என்று நீங்களும் நானும் புலம்பிக்கொள்ளலாம்.

எங்கள் நகரத்தில் இருப்பது சின்ன அருங்காட்சியகம். டைனோசர் கிடையாது. பழைய மர அலமாரிகள், ஜாடிகள், மண்டையோடுகள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. அங்கே தூசி தட்டாமல் விட்டவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக நகரில் ஒரு சின்ன அருங்காட்சியகம். அதன் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற 31 வயதுப் பெண். மீன்பிடிக் கப்பல் வரும்போதெல்லாம் புதிதாக ஏதாவது வலையில் விழுந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். 1938 டிசம்பர் 22 அன்று மீன் குவியலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு துடுப்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் நீளத்தில், கால் முளைத்த மாதிரித் துடுப்புகளோடு ஒரு மீன். டாக்சியில் ஏற்றி எடுத்துப்போனார். குளிர்பதனம் செய்து வைக்க யாரும் இடம் தரவில்லை. வேறு வழியின்றிப் பாடம் செய்யக் கொடுத்துவிட்டு, கையால் ஒரு படம் வரைந்து பேராசிரியர் ஜே. எல். பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த சீலகாந்த் மீன் அது! அவர் பெயரால் அதற்கு லாட்டிமேரியா என்று பெயர் வைத்தார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் வியந்து நின்றன.

மண்டையோடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யானை மண்டையோடு இருந்தால் உங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, இது என்ன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். யாரும் யானை என்று சொல்ல மாட்டார்கள். நெற்றிக்குக் கீழே நட்டநடுவில் பெரிய ஓட்டை இருக்கும். ஒற்றைக் கண் அரக்கன் என்பார்கள். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் ராட்சசர்கள் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் ஊகித்ததும் உண்டு. அந்த ஓட்டை மூக்கு. தும்பிக்கை ஒட்டியிருந்த இடம். கண்குழிகள் ஓரத்தில், தேடினால்தான் தெரியும். தும்பிக்கையில் எலும்பே கிடையாது. அதனால் மண்டையோட்டைப் பார்த்து யானையை ஊகிக்கவே முடியாது. இப்போது குனிந்து பல்லைப் பாருங்கள். செருப்பின் அடிப்பாகம் மாதிரி வரிவரியாக இருக்கும். யானைக்கு ஆறு முறை கடைவாய்ப்பல் வருகிறது, கீழிருந்து மேலாக அல்ல, பின்னாலிருந்து முன்னால் ஊர்ந்து. முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல் தேய்ந்து உதிர, பின்னால் இருப்பது அந்த இடத்துக்கு வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது. யானையின் கதை அத்தோடு சரி.

ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூடு இருந்தால் கழுத்தெலும்பை எண்ணுங்கள். ஏழு. உங்கள் பிள்ளையின் கழுத்திலும் ஏழு. சுண்டெலிக்கும் திமிங்கலத்துக்கும் ஏழு. பாலூட்டிகளில் விதிவிலக்கு மிகச் சிலதான்.

ஜாடியில் இருப்பவை ஏன் வெளிறிப்போய்ப் பேய் மாதிரி இருக்கின்றன என்று கேட்பார்கள். முதலில் ஃபார்மலினில் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி வைப்பார்கள். உடம்பு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் கரைந்து போய்விடும். மூடி இறுக்கமில்லாமல் திரவம் குறைந்திருந்தால் அங்கே இருப்பவரிடம் சொல்லுங்கள். திட்ட மாட்டார், திட்டினால் அவர் ஜாடி பார்த்து வெகுநாள் ஆகிறது என்று பொருள்.

என் மகனுக்குக் கூட்டமும் இரைச்சலும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். ஆனால் பூச்சிகள் என்றால் உயிர்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் தனியாகத் திறந்துவிடும் அருங்காட்சியகங்கள் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும், வார நாளில் பள்ளிக் கூட்டங்கள் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்து அந்த நேரத்தைத் தவிர்த்துவிடலாம். பொத்தானை அழுத்தினால் உறுமும் டைனோசர் எந்தக் கூடத்தில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கே அதைக் கண்டால் ஆகாது. பூச்சிக் கூடம் பெரும்பாலும் மூலையில், அமைதியாக இருக்கும். நேராக அங்கே போய், அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இத்துடன் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். என் மகன் பள்ளம் தோண்டிய இடத்தில் இதைக் கண்டெடுத்தான். டைனோசர் பல் என்கிறான், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான். அருங்காட்சியகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

மாட்டின் கடைவாய்ப்பல். மேல் பரப்பில் பிறை வடிவத்தில் மடிப்பு மடிப்பாக வளைவுகள் தெரிகின்றன பாருங்கள், அது புல்லை அரைக்கிற பல். டைனோசர் பல்லில் அப்படி இருக்காது. எத்தனையோ பிள்ளைகள் இதே பல்லை எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் பிரிவில் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரித்ததில்லை. ‘இல்லை’ என்று அவனிடம் சொல்லாதீர்கள், ‘மாடு’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை மாட்டைப் பார்க்கும்போது வாயைத் திறக்கச் சொல்லுவான்.

வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவன் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் வைக்கலாம். அதற்கு ஒரு தீப்பெட்டி போதும். என்ன, எங்கே, எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்று நான்கு வரி சீட்டு எழுதி உள்ளே போடச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பென்சில், மை கலையும். சீட்டில்லாத மாதிரியை எங்கள் உள்ளறையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், டைனோசராகவே இருந்தாலும்.

புகைப்படத்தின் பின்னால் இடத்தை எழுதியிருக்கிறீர்கள், தேதியை எழுதவில்லை. அவனிடம் கேளுங்கள். நிச்சயம் நினைவு வைத்திருப்பான்.